ஆறிய மூடியில் எழுந்து நின்ற முள்

முள் பூஜ்யத்தில் இல்லை.

அடுப்பு அணைந்து இரண்டு நாளாகிவிட்டது. பாத்திரம் காலி. துணியில் சுற்றிப் பரண்மேல் வைக்கலாம் என்று மூடியைக் கையில் எடுத்தேன். அதன் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர் உண்டு. உள்ளே நீராவி எத்தனை பவுண்டு அழுத்தத்தில் இருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. ஆறிப்போன வெறும் மூடியில் அந்த முள் இரண்டைத் தாண்டி மூன்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

விரலால் சுண்டினேன். நடுங்கியது, திரும்ப அங்கேயே வந்து நின்றது. கண்ணாடிக்கு உள்பக்கம் பொட்டுப் பொட்டாக ஈரம்.

அன்று காலைதான் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் லூர்துசாமி, காரைக்கால் ஸ்டேஷனில் ரயிலேறியிருந்தார். மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து பாரீஸ். அவர் கைப்பையில் ஆறு கண்ணாடி பாட்டில்கள். ஆறிலும் நாங்கள் இந்தப் பாத்திரத்தில் அவித்து மூடிய இறால். அது போய்ச் சேரவேண்டிய இடம் அவர் மனைவி, என் ஓர்ப்படி பிலோமினா அக்காவின் வயிறு. அந்த வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை.

அண்டா குக்கர்

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஆண்டைக் கேட்காதீர்கள், எனக்கு ஆண்டெல்லாம் நிற்பதில்லை.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒருவராவது பிரான்சில் இருந்தார்கள். பட்டாளத்துக்குப் போய் அங்கேயே தங்கியவர்கள். லீவில் வந்து திரும்பும்போது பெட்டி நிறைய ஊரை அடைத்துக்கொண்டு போவார்கள். கருவாடு, வடகம், மிளகாய்த்தூள், ஊறுகாய். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு அது போதவில்லை. வேகவைத்த மீனையும் இறாலையும் பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் கெடாமல் வைக்கவேண்டும் என்று ஆசை. அதற்குச் சாதாரண குக்கர் காணாது. புளிப்பில்லாத பண்டத்துக்குக் கொதிக்கிற தண்ணீர்ச் சூடும் காணாது. பாட்டில்களை நிற்கவைத்து, கெட்டி நீராவியில் மணிக்கணக்காகச் சூடேற்றும் பெரிய பாத்திரம் வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் அதற்கு வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்வார். என் மாமியார் ஒரே நாளில் அதற்கு அண்டா குக்கர் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

மதராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே இரண்டு கிடைத்தன. ஒன்று மெல்லிசு. விளிம்பில் ரப்பர் வளையம், தலையில் ஆவி தூக்கும் குண்டு. இன்னொன்று கனத்த அலுமினியம். ரப்பர் கிடையாது. மூடியும் பாத்திரமும் உலோகத்தோடு உலோகமாக உட்காரும். சுற்றி ஆறு திருகு, தலையில் மீட்டர்.

"கடக்காத்துல ரப்பர் ஒரு வருஷம் தாங்காது. அதுக்கு வேற வளையம் காரைக்கால்ல யாரு விப்பா?" என்றார் என் வீட்டுக்காரர். நியாயம்தான்.

"குண்டு பொய் சொல்லாதுங்க. தூக்குனா தூக்குது, இல்லன்னா இல்ல. இந்த முள்ளு நின்னா நின்னதுதான்னு எப்படி நம்புறது?" என்றேன் நான். அதுவும் நியாயம்தான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் வாங்குவது மீட்டர், அடுப்படிக்காரி கேட்பது குண்டு என்று எழுதியிருந்தது. மீட்டர் வீட்டுக்கு வந்தது.

சென்ற வாரப் பத்திரிகையில் இந்தப் பாத்திரத்தை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போனேன். எது வாங்கலாம், எப்படிக் காப்பாற்றலாம் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, கனமானதாகப் பாருங்கள். அடி தட்டையாக உட்காரவேண்டும். எதிரெதிர்த் திருகாகச் சேர்த்து முடுக்குங்கள், ஒரு பக்கமாக முடுக்கினால் மூடி கோணிக்கொள்ளும். விளிம்பில் துளி எண்ணெய் தடவுங்கள். ஆவித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றவேண்டும். ஆவி நன்றாகச் சீறிப் போனபிறகே துளையை மூடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று சூட்டைக் கெடுக்கும். உப்புத் தண்ணீரில் உள்பக்கம் கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும். மீட்டர் உள்ள மூடியை மட்டும் செத்தாலும் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்த வாரக் கதை முழுவதும்.

புளித் தண்ணீர்

பாத்திரத்தோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். அதில் தடித்த எழுத்தில் ஒரு பக்கம். சூடு குறைந்தால் பாட்டிலுக்குள் ஒரு விஷம் உண்டாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, ருசி இல்லை. சாப்பிட்டவருக்குப் பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

மூடியைக் கையில் பிடித்தபடியே கொல்லைக்குப் போனேன். மாமியார் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, இந்த மூடிய எப்புடித் தேய்ச்சீங்க?"

முகமெல்லாம் மலர்ச்சி அவருக்கு. "பெரியவன் வரான்னு எல்லாத்தையும்தான் தேய்ச்சேன். இது லேசுல வெளுக்கல. தொட்டித் தண்ணியில புளியக் கரைச்சு ராத்திரி பூரா ஊறப் போட்டேன். காலையில மணலு போட்டு ஒரு தேய். கண்ணாடி எப்புடி இருக்கு பாரு, முகம் பாக்கலாம்!"

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு மகன் வருகிறான் என்றால் வீட்டில் ஒரு கரண்டிகூடப் புளிக்கும் மணலுக்கும் தப்பாது. அவன் வந்து பார்த்து, அம்மா கை ஓயவில்லை என்று தெரிந்துகொள்ளவேண்டும். அந்தப் பாசத்தில்தான் மீட்டர் ராத்திரி முழுவதும் தொட்டிக்குள் கிடந்திருக்கிறது.

"நல்லா இருக்குத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? பிலோமினா அக்காவின் முதல் பிள்ளை போனபோது மூன்று நாள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்த மனுஷி.

வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். மூடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இங்க பாருங்க. ஆறுன மூடியில ரெண்டரை காட்டுது. அன்னைக்கு நீங்க பத்துல நிறுத்துனது பத்தில்ல. ஏழரை."

பார்த்தார். சுண்டிப் பார்த்தார். சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"பத்து நிமிஷம் கூடத்தானே வச்சோம்" என்றார்.

"சூடு வேற, நேரம் வேற. புத்தகத்துல இருக்கு, படிச்சுக் காட்டவா?"

"தந்தி அடிச்சிடலாம். சாப்பிடாதேன்னு."

"ரெண்டு தடவ பறிகொடுத்தவங்களுக்குத் தந்தியா? பியூனப் பாத்த ஒடனேயே அவங்களுக்கு என்ன ஆகும்?"

"கொதிக்க வச்சுத் திங்கச் சொல்லி அண்ணன்கிட்ட..."

"அண்ணன் எங்க இருக்காங்க இப்ப?"

அவர் பாதிச் சவரத்தோடு சட்டையை மாட்டினார். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று மாமியாரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இருவரும் ஓடினோம்.

சனிக்கிழமை பஸ்

காரைக்கால் பாசஞ்சர் பேரளம் வரைதான் போகும். அங்கே இறங்கி, மாயவரம் போகிற வண்டிக்குக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புதான் எங்கள் நம்பிக்கை. பஸ்ஸில் போனால் பிடித்துவிடலாம்.

அன்று சனிக்கிழமை என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது.

திருநள்ளாறில் பஸ் நின்றது நின்றதுதான். சனி பகவானைப் பார்க்க எங்கிருந்துதான் அவ்வளவு ஜனம் வருமோ. எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மாள், தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட, "ஏழரை முடிஞ்சுதுங்க, இன்னியோட விட்டுச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழரை என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜெபமாலையை எடுத்தேன். மணி உருண்டதே தவிர ஜெபம் வரவில்லை. மூத்தார் ஊருக்கு வந்த அன்று சொன்னதே திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

"டாக்டர் காரமும் புளிப்பும் கூடாதுன்னுட்டாரு. ஆனா எறா எறான்னு உசிர எடுக்குறா. நம்மூரு எறா. ரொட்டிக்குள்ள வச்சு அப்புடியே திங்கணுமாம்."

பாரீஸில் இறால் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மசக்கைக்காரியிடம் நியாயம் பேசினவர் யார்? கிளிஞ்சல்மேட்டில் கரையேறிய இறாலை விடியற்காலையில் வாங்கிவந்து, உப்புப் போட்டு, மிளகு தட்டி, புளியோ வினிகரோ காட்டாமல் அடைத்தோம். புளிப்பு இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். ரொட்டிக்குள் அப்படியே என்றாரே, அந்த 'அப்படியே'தான் என்னைக் கொன்றது.

தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச்சாவடி வேறு. அந்தப் பக்கம் மதுவிலக்கு. போலீஸ்காரர் ஒவ்வொரு பையாக முகர்ந்து பார்த்தார். ஒரு ஆளை வேட்டி மடிப்போடு இறக்கினார்கள். அவர் தன்னிடம் இருப்பது இருமல் மருந்து என்று சத்தியம் செய்தார். பஸ்ஸே சிரித்தது.

"போகச் சொல்லுங்களேன்!" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்தார்.

பேரளம்

ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். மாயவரம் வண்டி இன்னும் வரவில்லை. மூத்தார் பெஞ்சில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில். பெட்டியைக் கீழே விட்டாலும் அதை விடவில்லை.

"என்னடா, ரெண்டு பேரும்? அம்மாவுக்கு ஏதாவது...?"

"அதெல்லாம் இல்லண்ணே. சும்மாதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

சும்மாவா? முகத்தில் பாதி தாடி, பாதி மழிப்பு. யாராவது நம்புவார்களா?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் தம்பி மனைவி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வேலையில்லாமல் நிற்பதுகூட இல்லை. 'அவுங்களச் சாப்பிட வரச் சொல்லுங்க' என்று வீட்டுக்காரர் மூலமாகத்தான் பேச்சு. அவர் ஒன்று கேட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

அதனால் வீட்டுக்காரரின் முழங்கையை இடித்தேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார். இன்னொரு இடி. வண்டி தாமதமாமே என்றார். மீட்டர் வாங்கியது தான், கழுவியது அம்மா. இந்த இரண்டையும் அண்ணனிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கோபமும் பாவமுமாக இருந்தது எனக்கு.

கைகாட்டி இறங்கியது.

"பெரியத்தான், அந்த எறா வேணாங்க. குடுத்துடுங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மூத்தார் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைத் தேடினார். சுவர் இல்லை.

சொன்னேன். முள், தொட்டி, புளித்தண்ணீர், விஷம், எல்லாம். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "இதுக்கா ஓடி வந்தீங்க? போய்க் கொதிக்க வச்சுக் குடுக்குறேன்."

"நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க. அவங்க எடுத்துத் தின்னுடுவாங்க. ரொட்டிக்குள்ள வச்சு."

"பொட்டச்சி பயம்" என்று தம்பியிடம் சொன்னார். பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியின் கம்பியை நெம்பினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம். மிளகு வாசனை கமகமவென்று வந்தது. "மோந்து பாரு. ஏதாவது கெட்டிருக்கா? நானே தின்னு காட்டுறேன்."

இரண்டு விரலால் ஒரு இறாலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

அடித்துவிட்டேன். புறங்கையில், பளீரென்று. இறால் தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்தது. பிளாட்பாரத்தில் நிலக்கடலை விற்றவர் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

மூத்தார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்துக் கை. அதை யாரும் அடித்திருக்கமாட்டார்கள், அவருடைய அம்மாவைத் தவிர.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு வாய் வந்தது. "அண்ணே, முள்ளு தப்பு. நான் பாக்காம விட்டுட்டேன். குடுத்துடுண்ணே. அண்ணி வயித்துல இருக்குறது..." முடிக்கமுடியாமல் அழுதார்.

வண்டி வந்துவிட்டது. திறந்த பாட்டிலைத் தம்பி கையில் திணித்துவிட்டு மூத்தார் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக வெளியே நீட்டினார். நான் வாங்கி முந்தானையில் போட்டேன். கடைசிப் பாட்டிலைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணாவது இருக்கட்டும்டா. அவ என்னைக் கேட்டதே இது ஒண்ணுதான். வெறுங்கையோட போயி என்னன்னு சொல்லுவேன்?"

வண்டி அசைந்தது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். "பெரியத்தான், வேணாம்! போட்டுடுங்க! போட்டுடுங்க!"

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் பாட்டில் ஜல்லியில் விழுந்து உடைந்தது.

இலையில்

அந்த இறாலையெல்லாம், மாமியார் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், பாட்டிலோடு கொதிக்கவைத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். கெட்டிருந்ததா, நல்லதுதானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என் வீட்டுக்காரரே ஒரு குண்டைப் பொருத்திக்கொண்டு வந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அதற்கு நான்கைந்து வயதிருக்கும்போது எல்லோரும் காரைக்காலுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. நான் இறால் பரிமாறிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்கா தன் வீட்டுக்காரரைக் கையால் காட்டிச் சிரித்தார்.

"உன் மூத்தாருக்குப் பாத்து வையி ரெஜினா. இவருக்கு எறாவக் கண்டா கண்ணு தெரியாது. மசக்கையில நான் தவிச்சுக் கெடக்குறேன், நீங்க குடுத்து வுட்ட ஆறு பாட்டிலையும் ரயில்லயே தின்னுபுட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறாரு! பசிச்சுதாம்! ஒரு மாசம் நான் பேசலியே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார்தான் அதிகம் சிரித்தார். "சின்னதுலேர்ந்தே அவன் அப்புடித்தான். ஒளிச்சு வச்சுத் திம்பான்!"

மூத்தாரும் சிரித்தார். இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. புளித்தண்ணீர்த் தொட்டி என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்துவிடக்கூடாது என்று, பெற்ற தாய்க்காக, பெண்டாட்டி வாயால் தீனிப்பண்டாரம் என்ற பெயரை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரின் கையையா அடித்தோம் என்று இருந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்தாரும் போய்விட்டார். பிலோமினா அக்கா பாரீஸில் இருக்கிறார். இந்தப் பத்திரிகை தாமதமாகத்தான் அங்கே போகும், ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பார்.

அக்கா, அவுங்க அதுல ஒரு எறாகூடத் திங்கலக்கா.